தண்ணீர் எந்தப் பக்கம்

வாடகைக்குப் போன அண்டா கடைக்குத் திரும்பி வந்ததும் நாறும்பூநாதன் முதலில் அதை விரலால் சுண்டிப் பார்ப்பார். பிறகு கிணற்றடியில் இரண்டு கல்லின் மேல் ஏற்றி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அடியில் காய்ந்த சாம்பலைத் தூவிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து குனிந்து பார்ப்பார். சாம்பலில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் அந்த அண்டா அடுத்த கல்யாணத்துக்குப் போகாது. தென்காசி யானைப்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த வாடகைப் பாத்திரக் கடையில் அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து இதுதான் முறை. நாறும்பூ கடைப் பாத்திரம் ஒழுகாது என்று சுற்று வட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. அவரைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் யாரிடமும் எதுவும் இல்லை.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பிள்ளைகள் இல்லை. மனைவி முத்துவடிவு இலத்தூர்க்காரி. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு. கடையில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயர் வெட்டியிருக்கும், வீட்டுச் சமையல் பாத்திரங்களிலும்கூட. முகூர்த்த நாளில் ஒரு குத்துப்போணியோ குண்டாவோ குறைந்தால் அடுப்படியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். "உலை வச்ச பானையக் கேட்டாலும் அரிசியக் கீழ கொட்டிட்டுக் குடுத்துருவாக" என்று முத்துவடிவு சொல்வாள். அது குறை சொல்வது போலவும் இருக்காது, பெருமை போலவும் இருக்காது.

1966 அரிசித் தட்டுப்பாட்டு ஆண்டு. கல்யாணச் சாப்பாடு சுருங்கிப் போயிருந்தது. பெரிய அண்டாக்கள் மாதக்கணக்கில் கவிழ்ந்தே கிடந்தன. அந்த ஆவணியில் குற்றாலத்தில் ஒரு பங்களாவைப் புதிதாக வாங்கிய தேங்காய் வியாபாரி பால்வண்ணநாதன் அங்கே பால் காய்ச்சினார். மறுநாள் காலையில் பாத்திரங்களை எண்ணி எடுக்க நாறும்பூநாதன் வண்டியோடு போனார். பின்கட்டில், மாமரத்தடியில், இலையும் மழைத்தண்ணீரும் நிறைந்து ஏதோ ஒன்று பச்சை பிடித்துக் கிடந்தது.

"அது என்னம்மா, தொட்டியா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடமாக அந்தப் பங்களாவைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் முற்றத்தைக் கூட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"தொட்டி இல்ல அண்ணாச்சி, போட்டு, படகு. எஸ்டேட் தொரை கொல்லத்துக் காயல்ல ஓட்டிக்கிட்டிருந்தது. சீமைக்குப் போறதுக்கு ரெண்டு வருசம் முன்ன ரயில்ல செங்கோட்டைக்குக் கொண்டாந்து, அங்கேருந்து மாட்டு வண்டியில இங்கன கொண்டாந்தாரு. கொண்டாந்து என்ன செய்ய? அருவியிலயா ஓட்ட முடியும்?"

"மரமா?"

"கண்ணாடி நாருன்னு தொரை சொல்லுவாரு."

"கண்ணாடின்னா இந்நேரம் ஒடஞ்சிருக்குமேம்மா."

"எனக்கு என்ன தெரியும்? மோட்டாருகூட சாக்குல சுத்தி விறகுக் கொட்டகையில கெடக்கு."

அவர் அதைச் சுற்றி வந்தார். பதினான்கு அடி நீளம் இருக்கலாம். விரலை மடக்கி ஓரமாகத் தட்டிக்கொண்டே போனார். பெரும்பாலான இடங்களில் தேக்குப் பலகையைத் தட்டியது போல் கேட்டது. அடிப்பக்கம் மூன்று இடங்களில் மட்டும் பழுத்துப் போன பூசணிக்காயின் சத்தம். அந்த மூன்று இடங்களையும் கரித்துண்டால் வட்டமிட்டார். அது யாருடையது, தனக்கு அதில் என்ன வேலை என்று அப்போது அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. முப்பது வருடப் பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"என்னவே நாறும்பூ, அண்டாவ எண்ணுவீருன்னு பார்த்தா அதப் போய்த் தட்டிக்கிட்டிருக்கீரு?" பால்வண்ணநாதன் வெற்றிலையை மென்றுகொண்டு வந்து நின்றார்.

"இத என்ன செய்யப் போறீக அண்ணாச்சி?"

"வடகரைத் தோப்புல எட்டு மாடு கெடக்கு. அங்கன கொண்டு போட்டா நல்ல தண்ணித் தொட்டி."

"எனக்குக் குடுங்க."

"உமக்கு எதுக்கு? சீசனுக்கு வாடகைக்கு விடவா?"

"வாடகைக்கு இல்ல."

"பின்ன?"

நாறும்பூநாதன் அதன் விளிம்பில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டார். பால்வண்ணநாதனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, சும்மா மறுக்கவும் மனமில்லை. அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"சரி, கொண்டு போம். பொங்கலுக்கு முந்துன நாள் எங் கண்ணு முன்னால குளத்துல விடணும். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரப்பிடாது. ஒழுகாத பாத்திரம்னு ஊருல பேரெடுத்தவருல்லா நீரு! ஒழுகுச்சுன்னா அங்கேருந்தே வடகரைக்கு வண்டியேறிரும்."

வண்டிக்காரன் படகைக் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கியபோது முத்துவடிவு இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது யாரு வீட்டு விசேசத்துக்கு?"

"யாரு வீட்டுக்கும் இல்ல. நமக்கு."

அந்த வீட்டில் 'நமக்கு' என்று ஒரு பொருள் வந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் ஒருமுறை சொன்னாள். அவர் ஏன் அதைக் கேட்டு வாங்கினார் என்பதற்கு எனக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான். நாலு பேருடைய குழம்பு வாசனையோடு திரும்பி வராத ஒரு பொருள் அவருக்கு வேண்டியிருந்திருக்கிறது. அது படகாக இருந்தது தற்செயல்.

வேலை புரட்டாசியில் தொடங்கியது. பம்ப்செட் மெக்கானிக் கடற்கரை என்பவன் மோட்டாரை எடுத்துக்கொண்டான். அதனுள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அவன் அதைச் சுத்தமாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இரண்டு உறுப்புகளைத் தானே கடைந்து போட்டு ஒரு மாதத்தில் பூட்டிவிட்டான். ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் வேண்டும் என்றதும் நாறும்பூநாதன் கடையிலேயே பெரிய அண்டாவைக் கொடுத்தார். மோட்டார் கிளம்பிய அடுத்த நொடி அண்டாவில் இருந்த தண்ணீர் முழுவதும் வெளியே இருந்தது. முத்துவடிவு காயப்போட்டிருந்த சுண்டவற்றல் நனைந்து போயிற்று.

"அண்ணாச்சி, நம்ம பம்புன்னா தண்ணிய எறைக்கும். இது மூஞ்சியில வீசி அடிக்குது" என்றான் கடற்கரை, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"மத்தவனுக்கு எறைச்சு எறைச்சு நீரு பழகிட்டீரு. அது சொந்தத்துக்கு ஓடுது" என்றாள் முத்துவடிவு உள்ளேயிருந்து.

படகின் உடம்பு அத்தனை சுலபமாக இல்லை. ஈயப்பற்று அதில் ஒட்டவில்லை. குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றினார். காய்ந்ததும் அப்பளம் போல உரிந்து வந்தது. கடைசியில் ரயிலேறிக் கொல்லத்துக்குப் போய்ப் படகு கட்டும் கொட்டகை ஒன்றைத் தேடிப் பிடித்தார். அங்கே இருந்த வயதான மேஸ்திரி தமிழும் மலையாளமும் கலந்து வேலையைச் சொல்லிக் கொடுத்தார். கெட்டுப் போன இடத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும், ஃபைபர் கிளாஸ் என்ற கண்ணாடி நார் விரிப்பை வெட்டி வைக்க வேண்டும், தேன் போன்ற ரெசினில் சில துளி மருந்து கலந்து அதன் மேல் பூச வேண்டும், அது தானாக இறுகிவிடும். கேட்க எளிதாக இருந்தது. ஒரு தகரம் ரெசினும் ஒரு புட்டி மருந்தும் ஒரு சுருள் விரிப்புமாக அவர் திரும்பி வந்தார்.

சுரண்டிய முதல் நாளே கை முழுக்கக் காஞ்சொறி பட்டது போல் அரிப்பு. தேங்காயெண்ணெய் தேய்த்ததும் நார் தோலுக்குள் இன்னும் ஆழமாகப் போயிற்று. இரண்டு நாள் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். மூன்றாம் நாள் ஒரு சிரட்டையில் ரெசினை ஊற்றி, இறுகட்டும் என்று மருந்தைத் தாராளமாகவே விட்டார். தூரிகையை இரண்டு முறை இழுப்பதற்குள் சிரட்டை கையைச் சுட்டது. புகை வந்தது. தூரிகை அதிலேயே கல்லாகி நின்றது.

"அடுப்பே இல்லாம கொதிக்குது பாருட்டி!" என்று கத்தினார்.

முத்துவடிவு சிரட்டையைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. "எம்புட்டு மருந்து விட்டீக?"

"ஒரு கரண்டி."

"வெயில் இப்படிக் காயுது, பாலுக்கு இவ்வளவு உறை ஊத்துவாகளா? புளிச்சுத்தான போகும்?"

அன்றிலிருந்து மருந்து விடுவது அவள் வேலையாயிற்று. வெயில் நாளில் துளி குறையும். ஐப்பசி மழை இறங்கிக் காற்று குளிர்ந்தபோது துளி கூடியது. சில நாள் வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு உறையாது, போய்க் கடையப் பாருங்க" என்று சொல்லிவிடுவாள். அவள் சொன்னது தவறவில்லை. கொல்லத்து மேஸ்திரி சொல்லாமல் விட்ட பாடத்தை அவள் மோர்ச்சட்டியிலிருந்து எடுத்திருந்தாள். மார்கழி பிறந்தபோது மூன்று இடங்களும் அடைபட்டிருந்தன. நாறும்பூநாதன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். பூசணிக்காய்ச் சத்தம் போய்விட்டது. தன் வாழ்நாளில் கற்ற வித்தை இந்தப் புதுப் பொருளுக்கும் பொருந்துகிறது என்று அவர் நினைத்திருந்தால் அதில் நியாயம் உண்டு. அடுத்த தவறுக்குக் காரணமும் அந்த நினைப்புத்தான்.

மார்கழி பன்னிரண்டாம் தேதி காலையில் அவர் படகைக் கிணற்றடியில் இரண்டு கல்லின் மேல் ஏற்றினார். முனைக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. அடியில் சாம்பலைத் தூவினார். கடற்கரை ஒரு பம்ப்செட்டைக் கொண்டுவந்து கிணற்றில் குழாயை இறக்கினான். குடத்தால் ஊற்றியிருந்தால் நூறு குடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பம்ப்செட் அந்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டது. தண்ணீர் விளிம்பைத் தொட்டது. நாறும்பூநாதன் குனிந்து பார்த்தார். சாம்பல் காய்ந்திருந்தது. எழுந்து நிமிர்வதற்குள் முருங்கைக் கிளை முறிவது போல் ஒரு சத்தம். நடு அடிவயிறு குறுக்கே பிளந்தது. தண்ணீர் கிணற்றடி முழுவதும் ஓடி, வாசல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று.

அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் பால்வண்ணநாதன் உள்ளே வந்தார். தை மாதக் கல்யாணம் ஒன்றுக்குப் பாத்திரம் பேச வந்த இடம். படகில் மிச்சம் நின்ற தண்ணீரையும் அடியில் இருந்த கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னவே, நான் பொங்கலுக்குச் செய்யலாம்னு இருந்தத நீரு இப்பமே செஞ்சிட்டீரு? தொட்டியாவே ஆக்கிட்டீரே! ஏலே கடற்கரை, பேர வச்சிருக்கியே, போட்டுன்னா என்னன்னு உனக்காவது தெரிய வேண்டாமாலே?"

"எங்க அம்மா வச்ச பேரு அண்ணாச்சி. அவளும் கடலப் பாத்ததில்ல" என்றான் கடற்கரை.

நாறும்பூநாதன் அன்று கடையைத் திறக்கவில்லை. மறுநாள் மீண்டும் கொல்லத்துக்கு ரயிலேறினார். விரிப்பு இன்னும் நாலு கஜம் வேண்டும் என்றார். எப்படி உடைந்தது என்று மேஸ்திரி கேட்டார். நடந்ததைச் சொன்னதும் மேஸ்திரி சிரிக்கவில்லை. கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"வள்ளத்துக்குத் தண்ணி வெளியிலல்லே வேண்டது? வெளியே நாலு பக்கமும் தண்ணி தாங்கும். நீங்க தரையில வச்சு உள்ள நிறைச்சா அத யாரு தாங்குவாங்க?"

"பின்ன எப்படிச் சோதிக்கது?"

"தண்ணியில இறக்கணும். ஏறி இருக்கணும்."

"ஒழுகுதான்னு எங்கன நின்னு பாக்கது?"

"உள்ள இருந்துதான்."

திரும்பி வரும் வழியில், ஆரியங்காவு கணவாயில் ரயில் மெதுவாக ஏறும்போது அந்தப் பதிலைத் தான் யோசித்துக்கொண்டே வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். யோசிக்க அதில் விஷயம் இருக்கிறது. பாத்திரத்தைச் சோதிக்கிறவர் வெளியே நிற்கலாம். அண்டா ஒழுகினால் அவர் நனைவதில்லை. தவறு வேறொன்றினுடையது, தீர்ப்பு தன்னுடையது என்று அவர் முப்பது வருடம் இருந்துவிட்டார். படகு அந்த இடைவெளியைத் தருவதில்லை. இது பெரிய ஞானம் என்று நான் சொல்ல மாட்டேன். நீந்தத் தெரியாத ஒருவருக்கு அது ஒரு நடைமுறைச் சிக்கலும்கூட.

மிச்சம் பதினாறு நாள் இருந்தது. பிளந்த இடத்தை இரண்டு பக்கமும் சாய்வாகச் சுரண்டி, உள்ளே மூன்று அடுக்கும் வெளியே மூன்று அடுக்குமாக விரிப்பை வைத்தார்கள். மார்கழிக் குளிரில் ரெசின் இறுகச் சுணங்கியது. முத்துவடிவு கரி அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துச் சூடு காட்டினாள். இந்த முறை அவர் தட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றவில்லை. தன் கையிலிருந்து சோதிக்காமல் ஒரு பொருள் வெளியே போவது அவருக்கு உடம்பு சரியில்லாதது போல் இருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"பேரு எழுதணுமா அண்ணாச்சி?" என்று கடற்கரை கேட்டான். பெயின்ட் டப்பா கையில் இருந்தது.

"பேரு எதுக்கு? திரும்பி வர வேண்டிய சாமானுக்குத்தான் பேரு."

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் படகு வண்டியேறி இலஞ்சிப் பக்கத்துப் பெரிய குளத்துக்குப் போயிற்று. குளம் கரை தொட்டு நின்றது. பால்வண்ணநாதன் குடையோடு வந்திருந்தார். கரையில் இன்னொரு வண்டி நின்றது. அது வடகரைக்குப் போக அவர் கொண்டுவந்தது.

படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். அது ஓர் ஓரமும் சாயாமல் நின்றது.

"ஒரு கயித்தக் கட்டி வெறும் போட்ட விடும்வே" என்றார் பால்வண்ணநாதன். அந்த நிமிடத்தில் அவருக்கே கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். "கால்மணி நேரம் கெடக்கட்டும். நனையாம இங்கன நின்னே பாப்போம்."

சம்மதித்திருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். நாறும்பூநாதன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"வெறும் போட்டு பாரமில்லாம மேல நிக்கும் அண்ணாச்சி. ஒட்டுப் போட்ட எடம் தண்ணியில சரியா அழுந்தாது. ஆள் ஏறினாத்தான் உண்மை தெரியும்."

அவர் ஏறினார். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடற்கரை மோட்டார்ப் பக்கம் ஏறினான். கரையில் நின்ற முத்துவடிவு சேலையைச் சற்று உயர்த்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"நீ எங்கட்டி வருதே?"

"உறை ஊத்துனது நானுல்லா. என்னையும் ஏத்துங்க." அவள் கையில் ஒரு செம்பு இருந்தது. கடைச் செம்பு, பெயர் வெட்டியது.

மூன்றாவது இழுப்பில் மோட்டார் கிளம்பியது. ஓரத்தில் நின்ற கொக்குகள் எழுந்தன. எருமைகள் தலையை மட்டும் திருப்பின. படகு குளத்தை ஒருமுறை சுற்றியது. இரண்டாவது சுற்றின் நடுவில் அல்லிக்கொடி சுற்றிக்கொண்டு மோட்டார் நின்றுவிட்டது. சத்தம் அடங்கியதும் கரையில் பேசுகிறவர்களின் குரல் தெளிவாகக் கேட்டது.

நாறும்பூநாதன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சாம்பல். பிளந்து ஒட்டிய கோட்டின் மேல், படகின் உட்பக்கம், அதை மெல்லத் தூவினார். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது ஓரத்தில் ஒரு பொட்டு கறுத்தது. காலணா அகலம்.

"தெறிச்ச தண்ணியா இருக்கும்" என்றாள் முத்துவடிவு.

அவர் அதை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி சாம்பல் தூவினார். மறுபடி அதே இடம் கறுத்தது.

கடற்கரை குரலைத் தாழ்த்தினான். "தொடச்சி விட்டுருங்க அண்ணாச்சி. கரையில நிக்கவருக்கு என்ன தெரியப் போகுது? வண்டிய வேற கொண்டாந்து நிப்பாட்டியிருக்காரு."

நாறும்பூநாதன் அந்தப் பொட்டு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பரவுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலகையால் துழாவிக் கரைக்கு வந்தார்கள்.

"என்னவே, ஒழுகுச்சா?"

"ஒழுகுது."

"எம்புட்டு?"

"மணிக்கு ஒரு செம்பு வரும்."

பால்வண்ணநாதன் எட்டிப் பார்த்தார். ஈரச் சாம்பலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மணிக்கு ஒரு செம்புன்னா விடிஞ்சு பாக்கும்போது பத்துச் செம்புத் தண்ணி தரையில கெடக்கும். ஒழுகுத தொட்டிய வச்சு நான் என்னவே செய்ய?"

நாறும்பூநாதனுக்கு உடனே விளங்கவில்லை.

"போட்டுன்னா எறைச்சுக்கிடலாம். மாட்டுக்குப் பக்கத்துல செம்போட யாரு நிப்பா? நீரே வச்சுக்கிடும்." வண்டிக்காரனைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அது மாட்டைப் பற்றிய யோசனையா, மனிதரைப் பற்றிய யோசனையா என்று எனக்குத் தெரியாது. அவர் வியாபாரி, இரண்டும் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு குளம் நிறைந்திருக்கும் மாதங்களில், முகூர்த்தம் இல்லாத நாட்களில், நாறும்பூநாதனும் முத்துவடிவும் காலை வேளையில் படகில் போவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு சுற்று, சில நாள் இரண்டு. அவர் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை. குற்றாலத்தில் விடுதி நடத்திய ஒருவர் சீசனுக்குப் படகை வாடகைக்குக் கேட்டு மூன்று வருடம் நடந்தார். மூன்று வருடமும் ஒரே பதில். அந்தக் கசிவை அடைத்துவிடலாமே என்று கடற்கரை ஒருமுறை கேட்டான். ரெசின் மிச்சம் இருந்தது. "எறைச்சுக்கிடலாம்லா" என்று சொன்னாராம்.

கடையில் அவருடைய முறை மாறவில்லை. கல்யாண அண்டாக்கள் இரண்டு கல்லின் மேல் ஏறின. சாம்பலில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் வெளியே போகவில்லை. படகுக்கு எடுத்துக்கொண்டு போன அந்தச் செம்பை முத்துவடிவு உட்காரும் பலகையில் கயிற்றால் கட்டியிருந்தாள். குளம் வற்றிப் படகு கிணற்றடிக்கு வந்திருந்த சமயம், ஒரு முகூர்த்தத்தில் செம்பு குறைந்தபோது வேலையாள் அதைப் போய் அவிழ்த்தான். "அத வையும்" என்றார் நாறும்பூநாதன். பக்கத்துக் கடையிலிருந்து ஒன்று இரவல் வாங்கி அனுப்பினார்.